கடலோரக் கிராமத்தில் எளிய நடை: திட்டம் போடுவதிலிருந்து திரும்பி வருவது வரை

கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் கிராமத்தைச் சுற்றி நடக்கப் பெரிய உடல்வலு வேண்டாம். ஐந்தாறு கிலோமீட்டர், மேடு பள்ளம் குறைவு, வயலோரம் கொஞ்சம், மணல் கொஞ்சம். இருந்தும் புதியவர்களைக் கூட்டிப்போகும்போதெல்லாம் ஒரே சிக்கலைத்தான் பார்க்கிறேன். முதலில் பாதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்புறம் தங்களுக்கு வசதியான நேரத்தில் கிளம்புகிறார்கள். கடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கரைக்குப் போன பிறகுதான் பார்க்கிறார்கள்.

இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். கடலின் நேரம் முதலில், பகல்வெளிச்சம் அடுத்து, பாதை அதற்குப் பிறகு. கீழே உள்ள படிகளும் அதே வரிசையில்தான் இருக்கின்றன. இடையில் ஒன்றைத் தாண்டிப் போனால், அடுத்த படிக்குத் தேவையான கணக்கு கையில் இருக்காது.

1. கடல் எப்போது வற்றும், எப்போது ஏறும் என்று பாருங்கள்

பெரும்பாலான கடற்கரைகளில் நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் வற்றும் நேரம் நாளுக்கு 50 நிமிடம்போலத் தள்ளிப்போகும். 'நேற்று இதே நேரம் மணல் அகலமாக இருந்ததே' என்று நம்பிக் கிளம்புவது முதல் தவறு. நான்கு நாள் கழித்துப் போனால் அந்த நேரம் மூன்று மணிக்கும் மேல் நகர்ந்திருக்கும்.

நடக்கப்போகும் நாளுக்கான ஓத அட்டவணையை (கடல் ஏறும், வற்றும் நேரங்களின் பட்டியல்) எடுத்து, உங்கள் கிராமத்துக்கு மிக அருகில் இருக்கும் துறைமுகத்தின் வரிசையைப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் துறைமுகத்தின் நேரம் உங்கள் கரைக்குப் பொருந்தாமல் போகலாம். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாடாக இருந்தால், அட்டவணை அந்த மாற்றத்தைச் சேர்த்து அச்சிடப்பட்டதா என்றும் பார்த்துவிடுங்கள். இந்த ஒரு மணி நேரப் பிழையில் மாட்டியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்து, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலுள்ள உயர வித்தியாசம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் அதற்கு ஒன்றிரண்டு நாள் பிறகும் இது அதிகமாக இருக்கும். கடல் நன்றாக உள்வாங்கி மணல் அகலமாகத் தெரியும், ஆனால் திரும்பி வரும்போது அதே அளவுக்கு உள்ளே வரும். சில கரைகளில் இந்த வித்தியாசம் ஓர் அடிகூட இருக்காது, சிலவற்றில் பல மீட்டர். உங்கள் கரை எந்த வகை என்று தெரிந்தால்தான் எவ்வளவு கவனம் வேண்டும் என்பது தெரியும்.

தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஏறும் ஆறு மணி நேரத்தைப் பிரித்தால், முதல் மணியில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று பங்கு, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. தோராயக் கணக்குதான், ஆனால் நடக்கிறவருக்கு மிகவும் பயன்படும். நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில் பாதி உயரம் ஏறிவிடுகிறது. முதல் மணியில் மெதுவாக வந்ததைப் பார்த்து 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று உட்கார்ந்துவிடுவதால்தான் பலர் சிக்குகிறார்கள்.

அட்டவணையில் இருப்பது கணிப்பு மட்டுமே. கடலிலிருந்து கரையை நோக்கிப் பலத்த காற்று வீசினாலும், காற்றழுத்தம் குறைந்தாலும் தண்ணீர் அதைவிட உயரும். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் கூடும். ஆகவே காற்றும் மழையுமான நாளில் கணக்கில் கூடுதல் இடைவெளி விடுங்கள், அல்லது அன்றைக்கு மணலை விட்டுவிட்டு வயல்பக்கம் மட்டும் நடங்கள்.

நான் வைத்திருக்கும் விதி இது: மணலில் நடக்கும் பகுதியை, கடல் முழுதாக வற்றுவதற்கு ஒன்றரை மணி முன்பு தொடங்கலாம், வற்றிய பின் ஒரு மணிக்குள் முடிக்க வேண்டும். வற்றிக்கொண்டிருக்கும்போது இறங்கினால், ஏதாவது தாமதமானாலும் கடல் நம்மைவிட்டு விலகிக்கொண்டிருக்கும். ஏறிக்கொண்டிருக்கும்போது இறங்கினால் ஒவ்வொரு நிமிடத் தாமதமும் நமக்கு எதிராகப் போகும்.

2. வெளிச்சத்தையும் காற்றையும் அதனோடு பொருத்துங்கள்

வற்றும் நேரம் தெரிந்த பிறகு, அது பகலில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பொழுது சாய ஒரு மணி இருக்கும்போதாவது கிராமத்துக்குத் திரும்பிவிட வேண்டும். மாலையில்தான் வற்றம் வருகிறது என்றால், கரைநடையை வேறு நாளுக்கு மாற்றுவது நல்லது. ஒரு வாரத்தில் அது காலைப்பக்கம் வந்துவிடும்.

வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட வேகமாகச் சூடாவதால், தெளிவான நாட்களில் முற்பகலுக்குப் பிறகு கடலிலிருந்து காற்று வலுக்கும். காற்றுக்கு எதிரே நடக்கும் பகுதியை முதலில் முடித்துவிட்டு, களைத்த பிறகு அது முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி சுற்றின் திசையை அமைத்துக்கொள்ளுங்கள். கடலின் நேரம் வேறு திசையைக் கேட்டால் கடல் சொல்வதுதான். காற்று களைப்பை மட்டும்தான் தரும்.

3. இப்போது பாதையைத் தேர்ந்தெடுங்கள்

முதல் நடைக்கு ஐந்து அல்லது ஆறு கிலோமீட்டர் போதும். போன வழியே திரும்பாமல் ஒரு சுற்றாக இருந்தால் அலுப்பு வராது. ஆனால் சுற்றுப் பாதையில் ஒன்று பாருங்கள்: கரைப்பகுதியின் நடுவில் நிலத்துக்கு ஏறிவர வேறு வழி இருக்கிறதா? ஒருபக்கம் கடல், மறுபக்கம் செங்குத்துப் பாறை, வெளியேறும் வழி இரண்டு முனைகளில் மட்டும் என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது புதியவர்களுக்கான பாதை இல்லை.

கழிமுகத்தைக் கடக்க வேண்டிய பாதையையும் ஒதுக்குங்கள். காலையில் கணுக்கால் அளவு இருக்கும் ஓடை, கடல் ஏறும்போது இடுப்பளவு ஆகி, ஓட்டமும் சேர்ந்துகொள்ளும். பாலம் இருந்தால் மட்டும் போகலாம்.

தூரத்தை அளக்க, வரைபடத்தில் ஒரு நூலைப் பாதையின் வளைவுகளோடு வைத்து நீட்டிப் பாருங்கள். 1:25,000 அளவிலான வரைபடத்தில் நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், 1:50,000 என்றால் இரண்டு சென்டிமீட்டர். நேர்க்கோட்டில் விரலை வைத்து அளந்தால் வளைந்து போகும் வரப்புப் பாதை எப்போதும் கணக்கைவிட நீளமாகத்தான் வரும்.

வரைபடத்தில் கோடு இருக்கிறது என்பதற்காகப் பாதை இருக்கும் என்று எண்ண வேண்டாம். கிராமத்தில் அந்தப் பக்கம் தினமும் போய்வரும் ஒருவரிடம் கேளுங்கள். கேட்கும் விதம் முக்கியம். 'இந்த வழியாகப் போகலாமா?' என்றால் 'போகலாமே' என்ற பதில்தான் வரும். 'இந்த வாரம் அந்தப் பக்கம் போனீர்களா? எந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது? வேலி போட்டிருக்கிறார்களா? யாருடைய நிலம், சொல்லிவிட்டுப் போக வேண்டுமா?' என்று கேட்டால்தான் நமக்கு வேண்டியது கிடைக்கும்.

4. நேரத்தைத் தரையின் வகைப்படி கணக்கிடுங்கள்

'மணிக்கு ஐந்து கிலோமீட்டர்' என்ற ஒரே வேகத்தை முழுப் பாதைக்கும் போடுவதுதான் இங்கே வழக்கமான பிழை. கெட்டியான சாலையில் அது நடக்கும். காய்ந்த தளர்மணலில் கால் ஒவ்வொரு முறையும் புதைந்து பின்னால் சறுக்குவதால், அதே தூரத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் உழைப்பு தேவைப்படும்.

புதியவர்களோடு போகும்போது நான் போடும் வேகம்: சாலையில் மணிக்கு 4 கி.மீ., வயலோரத்தில் 3, ஈரமான இறுகிய மணலில் 3, தளர்மணலில் 2. மேடு இருந்தால், ஏறும் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் 10 நிமிடம் கூடுதல். இந்த ஏற்றக் கணக்கு ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதியிலிருந்து வந்தது. இன்றும் அதைவிட எளிய கணக்கு இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. கிராமத்திலிருந்து 1.5 கி.மீ. சாலை, 1 கி.மீ. வயலோரம், அரை கி.மீ. தளர்மணல், 1.5 கி.மீ. இறுகிய மணல், திரும்ப 1.5 கி.மீ. சாலை. வரிசையாக 23, 20, 15, 30, 23 நிமிடங்கள். கூட்டினால் 111 நிமிடம். நிற்பதற்கும் பார்ப்பதற்கும் அரை மணி சேர்த்தால் இரண்டு மணி இருபது நிமிடம்.

அன்றைக்குக் கடல் 10.30க்கு வற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் விதிப்படி 9.00 முதல் 11.30 வரை மணலில் இருக்கலாம். 9.30க்கு மணலில் கால் வைக்க வேண்டும் என்றால், அதற்கு முன் 43 நிமிட நடையும் 10 நிமிட ஓய்வும் இருப்பதால் 8.35க்குக் கிளம்ப வேண்டும். கிளம்பும் நேரம் இப்படித்தான் கடைசியில் வந்து சேர வேண்டும். முதலில் அதை முடிவு செய்துவிட்டு மற்றதை அதற்குள் அடக்கப் பார்க்கக் கூடாது.

இன்னொரு நேரத்தையும் இப்போதே குறித்துவிடுங்கள்: திரும்பும் நேரம். மேலே சொன்ன கணக்கில் மணல் பகுதிக்கு 45 நிமிடம் நடை, 20 நிமிடம் நிற்பது. எனவே 10.25தான் கடைசி எல்லை. பத்து நிமிடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 10.15க்குள் கரையை எட்டாவிட்டால் மணலில் இறங்காமல் வந்த வழியே திரும்புவது. இதை வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது எழுதி வையுங்கள். கரையில் நின்றுகொண்டு முடிவெடுத்தால் எல்லோருக்கும் 'கொஞ்ச தூரம்தானே' என்றுதான் தோன்றும்.

5. பையில் வைக்க வேண்டியவை

முன்பே அணிந்து பழகிய ஷூ. புது ஷூவை அன்றைக்குத்தான் முதலில் போடுவது கொப்புளத்துக்கு நிச்சயமான வழி. செருப்பில் மணல் எளிதாக இருந்தாலும் வயலோர முள்ளும் வழுக்குப் பாறையும் அதற்குத் தோதாக இல்லை. இன்னொரு ஜோடி சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரக் காலோடு ஒரு மணி நடந்தால் தோல் மென்மையாகி உரிந்துவிடும்.

தண்ணீர், மணிக்கு அரை லிட்டர் கணக்கில் ஒருவருக்கு, வெயில் கடுமையாக இருந்தால் அதற்கும் மேல். இடையில் குடிநீர் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். கரையோரக் கிணற்று நீர் உப்பாக இருக்கலாம்.

தொப்பி, முழுக்கைச் சட்டை. கடற்காற்று தோலைக் குளிர்விப்பதால் வெயில் சுடுவது தெரியாது. மேலிருந்து வருவது போதாதென்று காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி வீசுகின்றன. தொப்பி மட்டும் போட்டவர்களுக்கு முகவாயும் கழுத்தும் சிவந்துபோவது இதனால்தான்.

விசில், சின்ன டார்ச், ஒட்டும் பிளாஸ்டர், தண்ணீர் புகாத உறையில் போன். முழு சார்ஜ் இருக்கட்டும். வரைபடத்தை முந்தின நாளே போனில் இறக்கி வைத்துவிடுங்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளிலிருந்து நேராகச் சமிக்ஞையை வாங்குவதால், டவர் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் புள்ளியைக் காட்டும். ஆனால் இறக்கி வைக்காத வரைபடம் வெற்றுத் திரையாக இருக்கும், அந்தப் புள்ளியால் எந்தப் பயனும் இல்லை.

6. ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்

'நடக்கப் போகிறோம்' என்பது போதாது. எந்த வழி, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம், அதைத் தாண்டி எவ்வளவு நேரம் பொறுத்திருந்து யாரை அழைக்க வேண்டும் என்று நான்கையும் சொல்லுங்கள். அந்த இடத்தின் அவசர எண்ணையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். திரும்பியதும் மறக்காமல் தகவல் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை நீங்கள் உண்மையிலேயே தாமதமாகும்போது அவர் அசைய மாட்டார்.

7. வயல்பகுதியைக் கடப்பது

பயிரின் ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் ஒருவர் பயிரை மிதித்துக்கொண்டுதான் வருவார்.

திறந்திருந்த படலைத் திறந்தபடியும், மூடியிருந்ததை மூடியும் விட்டுப் போக வேண்டும். திறந்திருப்பதைப் பார்த்து உதவி செய்வதாக நினைத்து மூடிவிடுகிறவர்கள் உண்டு. கால்நடை தண்ணீருக்குப் போகும் வழியை அடைத்துவிட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மாடுகள் மேயும் இடத்தில், தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள். அகலமாகச் சுற்றிப் போங்கள், ஓட வேண்டாம். கூட நாய் வந்தால் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். மாடு துரத்தினால் மட்டும் கயிற்றை விட்டுவிட வேண்டும். மாட்டின் கோபம் நாயின் மேல்தான், அது ஓடித் தப்பிவிடும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்தான் முட்டு வாங்குவார்.

8. மணலில் இறங்கும்போதும் நடக்கும்போதும்

இறங்கியதும் முதல் வேலை, திரும்பி நின்று நீங்கள் வந்த வழியைப் பார்ப்பது. படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரத்திலிருந்து பார்த்தால் மணல்மேடுகளுக்கு இடையிலுள்ள எல்லா இடைவெளிகளும் ஒன்றுபோலவே இருக்கும். திரும்ப நேர்ந்தால் எதில் ஏறுவது என்று தெரியாமல் அலைய வேண்டிவரும். ஒருமுறை ஆறு பேரோடு போனபோது இதை மறந்துவிட்டேன். மழை பிடித்துக்கொண்டது, சரியான இடைவெளியைக் கண்டுபிடிக்க அரை மணி ஆனது. கூட வந்தவர்களில் ஒருவருக்கு நடுக்கமே வந்துவிட்டது. அதிலிருந்து இறங்கிய உடனே படம் எடுக்காமல் ஓர் அடி வைப்பதில்லை.

மணல்மேடுகளில் போட்டிருக்கும் வழியை விட்டு விலகாதீர்கள். மேட்டைப் பிடித்து நிறுத்துவது அதன் மேல் படர்ந்திருக்கும் செடியின் வேர்தான். அது மிதிபட்டு அழிந்த இடத்தில் காற்று மணலை அள்ளிக்கொண்டு போய்விடும்.

நடக்க வசதியான இடம், அலை வந்துபோன ஈரப் பட்டை. மணல் இறுகியிருக்கும். கரை சரிவாக இருந்தால் ஒரு கால் எப்போதும் தாழ்வாக விழுந்து முழங்காலும் இடுப்பும் வலிக்கும், அப்போது சற்று மேலே சமமான பகுதிக்கு மாறிக்கொள்ளுங்கள்.

சில கரைப்பறவைகள் வெறும் மணலிலும் கூழாங்கல்லிலும் முட்டையிடும். முட்டை கல்லின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பறவை சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு உங்கள் முன்னால் ஓடினால், கூடு பக்கத்தில் இருக்கிறது, உங்களை வேறுபக்கம் இழுக்கப் பார்க்கிறது என்று பொருள். கால் வைக்கும் இடத்தைப் பார்த்து, வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். நின்று படம் எடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் கிடக்கும்.

செங்குத்துப் பாறைகளின் அடியில் உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டாம், அவற்றின் மேல் விளிம்பிலும் நிற்க வேண்டாம். மழைக்குப் பிறகு கல் உதிர்வது அதிகம். அடியில் புதிதாக உடைந்த கற்கள் கிடந்தால் அந்த இடம் இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கிறது.

மணல்திட்டில் நிற்கும்போது முன்னால் இருக்கும் கடலை மட்டும் பார்க்காதீர்கள். திட்டுக்கும் கரைக்கும் நடுவே தாழ்வான ஓடைகள் இருக்கும், ஏறும் தண்ணீர் முதலில் அவற்றைத்தான் நிரப்பும். எதிரே கடல் நூறு அடி தள்ளி இருக்கும், முதுகுக்குப் பின்னால் வழி அடைந்திருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

சேற்றில் கால் புதைந்தால் மற்றக் காலை ஊன்றி இழுக்க முயலாதீர்கள், அதுவும் புதையும். பையைக் கழற்றி எறிந்துவிட்டு, பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து எடையைப் பரப்பி, காலை மெல்ல ஆட்டி ஆட்டி விடுவியுங்கள். கூட இருப்பவர்கள் கெட்டித் தரையில் நின்றுகொண்டே துணியையோ கயிற்றையோ நீட்ட வேண்டும். கடல் ஏறும் நேரமாக இருந்தால் முதலிலேயே அவசர எண்ணை அழைத்துவிடுங்கள், முயன்று பார்த்து முடியாமல் போன பிறகு அழைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

9. கூட்டமாக நடக்கும்போது

மெதுவாக நடப்பவரை முன்வரிசையில் விடுங்கள். அவர் கடைசியில் வந்தால், முன்னால் போனவர்கள் நின்று இளைப்பாறி, அவர் வந்து சேர்ந்ததும் 'சரி, கிளம்பலாம்' என்பார்கள். ஓய்வு மிகவும் தேவைப்பட்டவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. நிற்கும் நேரத்தைக் கடைசி ஆள் வந்த பிறகு எண்ணத் தொடங்குங்கள்.

காலில் எங்காவது சூடாக உராய்கிறது என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்தி, மணலைத் தட்டி, காலைத் துடைத்து, பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளமாகும் முன் இரண்டு நிமிட வேலை. ஆன பிறகு அவர் நொண்டிக்கொண்டு வர, முழுக் கணக்கும் குலைந்துவிடும்.

10. வானிலை மாறினால்

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே விநாடிகளை எண்ணுங்கள். ஒலி மூன்று விநாடியில் சுமார் ஒரு கிலோமீட்டர் வருகிறது. முப்பது விநாடி அல்லது அதற்குக் குறைவு என்றால் இடி பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கட்டடத்துக்கோ மூடிய வண்டிக்கோ போய்விட வேண்டும். திறந்த கரையில் நிற்கும் மனிதர்தான் அங்கே உயரமான பொருள். தனி மரத்தடியும் ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி கழித்துத்தான் மறுபடி வெளியே வரலாம்.

கடல்மூடுபனி இறங்கினால் மணலில் திசை தெரியாமல் போகும். அலைச்சத்தத்தை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு மேட்டை ஒட்டி மெதுவாகப் போங்கள், முதலில் கிடைக்கும் வழியில் நிலத்துக்கு ஏறிவிடுங்கள். உதவி வேண்டுமென்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுங்கள். மலைகளில் பல நாடுகளிலும் வழங்கும் அடையாளம் இது. பதிலுக்கு மூன்று விசில் வரும்.

11. திரும்பி வந்ததும்

சொல்லிவிட்டு வந்தவருக்குத் தகவல். அப்புறம் கணுக்கால், முழங்காலின் பின்புறம், இடுப்பு ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனிக் குறடால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவதும் தீ காட்டுவதும் வேண்டாம். ஷூவை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள், உப்பு தையலை அரித்துவிடும்.

கடைசியாக, நேரக் கணக்கை எழுதிய அதே தாளை எடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் உண்மையில் எத்தனை நிமிடம் ஆனது என்று பக்கத்தில் குறியுங்கள். தண்ணீர் நின்ற இடம், அடைத்திருந்த வழி, நிலத்துக்கு ஏறிவர வசதியான இடைவெளி எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த நடைக்கு என் வேகக் கணக்கை விட்டுவிட்டு இந்தத் தாளில் இருக்கும் உங்கள் எண்களைப் போடுங்கள்.